ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வரவில்லை: மூன்று வயதுவரை பொறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். 'அம்மா', 'தாத்தா', 'ண்ணி' (தண்ணீருக்கு) என்று மூன்று நான்கு சொற்கள்தான் சொல்கிறான். ஆனால் போனில் கேட்ட ஆங்கில ரைம்ஸை ராகத்தோடு பாடுகிறான். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்பமாட்டான். பிஸ்கட் வேண்டுமென்றால் என் கையை இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்துவான். நடை, ஓட்டம் எல்லாம் சரியாக இருக்கிறது. என் மாமியார், "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாத்தான் வரும்" என்கிறார். தடுப்பூசி போடப் போன இடத்திலும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று வயதுவரை காத்திருக்கலாமா? இப்போதே அசெஸ்மென்ட் செய்ய வேண்டுமா?
(தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே காட்டுங்கள். உங்கள் மகனுக்குப் பெரிய குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. பார்த்த பிறகு பொறுத்திருப்பது வேறு, பார்க்காமலேயே பொறுத்திருப்பது வேறு. முதலாவதில் எதற்காகப் பொறுக்கிறோம், எத்தனை மாதம், அதுவரை வீட்டில் என்ன செய்வது என்பதெல்லாம் கையில் இருக்கும்.

சொற்களின் எண்ணிக்கையைவிட, கையை இழுத்துப்போய் அலமாரி முன் நிறுத்துகிறான் என்ற வரிதான் என் கவனத்தை இழுத்தது. பேச்சு வராத பிள்ளைகள் பலர் இப்படிச் செய்வார்கள். நிறுத்திய பிறகு அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பிஸ்கட் டப்பாவை விரலால் காட்டிவிட்டு, 'எடுத்துக் கொடு' என்பதுபோல உங்களை ஏறிட்டுப் பார்த்தால் அது நல்ல அறிகுறி. வாயில் வராததை விரலாலும் கண்ணாலும் சொல்லிவிடுகிறான். உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்கள் கையை மட்டும் ஒரு கருவியைப்போல டப்பாமீது கொண்டுபோய் வைத்தால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுவது பொதுவாக 15 மாதத்திலேயே வந்துவிடும். "அதோ பார் நாய்" என்று நமக்குக் காட்டுவதற்காக நீட்டுவது 18 மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது விரல் நீட்டலில் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை; தான் ரசித்ததை நம்மோடு பகிர்ந்துகொள்ளத்தான் அது நீட்டுகிறது. அதனால்தான் பிள்ளைகளை மதிப்பீடு செய்யும் எங்களுக்கு அது அத்தனை முக்கியம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அறையின் மறுமூலையில் இருக்கும் ஃபேனை விரலால் காட்டி, "அங்க பாரு" என்று சொல்லுங்கள். ஃபேனைப் பார்க்கிறானா, உங்கள் விரலையே பார்க்கிறானா, இரண்டையும் விட்டுவிடுகிறானா? பிறகு டி.வி., போன் எல்லாம் அணைத்திருக்கும் நேரத்தில், அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கை தட்டக் கூடாது, தொடக் கூடாது. வேறு வேறு நேரங்களில் செய்து பார்த்து எழுதி வையுங்கள். "செருப்பை எடுத்துட்டு வா" என்று கைச்சாடை இல்லாமல் சொன்னால் புரிந்துகொண்டு செய்கிறானா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்வது புரிகிறது, விரல் நீட்டுகிறான், கண் பார்க்கிறான், பேச்சு மட்டும் குறைவு என்றால் அது ஒரு வகை. புரிதலும் சாடையும் சேர்ந்தே குறைவாக இருந்தால் அது வேறு வகை. இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டியது.

இனி சொற்கள். 'ண்ணி' ஒரு சொல்தான், அதைத் தாராளமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும், ஒரே பொருளுக்காக ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது சொல். ரைம்ஸை அப்படிக் கணக்கில் சேர்க்க முடியாது. முழுப் பாட்டையும் ஒப்பிக்கிற பிள்ளை பசித்தால் 'பால்' என்று கேட்காமல் அழுகிறது என்றால், மனப்பாடம் நன்றாக இருக்கிறது, கேட்டு வாங்கும் பேச்சு வரவில்லை என்று அர்த்தம். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்க வேண்டும். இரண்டரை வயதில் ஏறத்தாழ 50 சொற்கள் இருக்க வேண்டும். இவை சராசரிக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில், நூற்றுக்கு 75 குழந்தைகளாவது அந்த வயதில் செய்துவிடும் என்பதைத்தான் சேர்த்தார்கள். அதாவது தாராளமாகவே விட்டுக்கொடுத்து வரைந்த கோடு அது. அந்தக் கோட்டையும் எட்டாத பிள்ளையை ஒருமுறை பார்த்துவிடுவதுதான் நியாயம்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை உண்டு. தாமதப் பேச்சு குடும்பத்தில் வருவது உண்டு. ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாவதும் உண்டு. இரண்டு வயதில் பேச்சு குறைவாக இருந்த பலர் பிறகு எட்டிப்பிடித்தும் விடுகிறார்கள். யார் எட்டிப்பிடிப்பார், யார் பின்தங்குவார் என்பதை அந்த வயதில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். அப்பா தாமதமாகப் பேசினார் என்பது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல். காத்திருக்க அது காரணமாகாது. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல் புரிவதையும் பேச்சு தொடங்குவதையும் நாக்கின் அடிச்சவ்வு தடுப்பதில்லை. வசம்பு தேய்ப்பதும் பேச்சைக் கொண்டுவராது.

போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 5 வயதுவரை, பெரியவர் கூட இருந்து, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். திரையோடு கழிகிற நேரம் நம்மோடு பேசுகிற நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே இன்றே குறையுங்கள். ஆனால் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் பகிர்ந்துகொள்வதிலும் சிரமம் தரும் வளர்ச்சிக் குறைபாடு) திரையால் வருகிறது என்ற பொருளில் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று இணையத்தில் சுற்றுகிற பெயரை நம்பி, போனை நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட எந்த நோயறிதல் கையேட்டிலும் அப்படி ஒரு நோய் இல்லை.

முதலில் காது. பேச்சுத் தாமதமான எந்தக் குழந்தைக்கும் கேட்கும் திறனைச் சோதிக்காமல் வேறு எதையும் முடிவு செய்யக் கூடாது. "அடுத்த அறையில் போன் ஒலித்தாலே ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று பெற்றோர் சொல்வார்கள். சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்துச் சத்தம் மங்கலாகக் கேட்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று குழந்தை தூங்கும்போது பார்க்கிற பெரா பரிசோதனையும், நடுக்காதைப் பார்க்கிற பரிசோதனையும் வலிக்காதவை.

அடுத்து அசெஸ்மென்ட். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. நீங்களே ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று பொருளில்லை, விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். விரிவான மதிப்பீடு பெரும்பாலும் விளையாட்டாகத்தான் நடக்கும். சோப்புக் குமிழி ஊதிக் காட்டுவோம். பிள்ளை குதூகலமாகிற நேரத்தில் மூடியை இறுக மூடி புட்டியை அதன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்போம். திறக்க முடியாது. ஒரு பிள்ளை புட்டியை நம்மிடம் நீட்டி முகத்தைப் பார்க்கும். ஒன்று அம்மாவிடம் ஓடும். ஒன்று புட்டியைச் சுழற்றிச் சுழற்றி அதிலேயே லயித்துவிடும். அந்த அரை நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும். கட்டை அடுக்குவது, படத்தைக் காட்டச் சொல்வது, பொம்மைக்குச் சோறூட்டச் சொல்வது எல்லாம் இப்படித்தான். ஊசி கிடையாது. தேவைப்பட்டால் மட்டும் தைராய்டு, இரும்புச்சத்துக்கு ரத்தம் எடுப்பார்கள்.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வந்து பார்க்கும். அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு, டி.ஈ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்குச் சீட்டு வாங்குங்கள். அங்கே மதிப்பீடும் சிகிச்சையும் இலவசம். சென்னைக்குப் போக முடிந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தாய் சேய் நல அட்டை, அவன் சாப்பிடுவது, விளையாடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது என்று இரண்டு மூன்று சிறு வீடியோக்கள் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது. அப்போது அந்த வீடியோதான் பேசும்.

குழந்தையைச் சரியாகப் பார்க்காமலே ஒரு நோயின் பெயரைச் சூட்டி, ஒரு வருட 'பேக்கேஜுக்கு' முன்பணம் கேட்கும் இடங்களைத் தவிருங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லியிருக்கிறது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் சில வார்த்தைகள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயதுவரை, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு வயதைக் கணக்கிடுங்கள். 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் உடனே காட்டுங்கள். மூன்று நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுந்தால் தசை நோய்க்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். கைக்குழந்தை தூங்கி எழும் நேரத்தில் வரிசையாகத் திடுக் திடுக்கென்று மடங்கி மடங்கி விழுந்தால், வயிற்று வலி என்று விட்டுவிடாமல் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், தாமதமானால் மூளை வளர்ச்சி பாதிக்கும். சொல்லிக்கொண்டிருந்த சொற்களை எந்த வயதிலாவது பிள்ளை இழந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

மீண்டும் உங்கள் மகனுக்கு. தேதி கிடைக்க வாரங்கள் ஆகலாம். நோயின் பெயர் தெரிந்தால்தான் பயிற்சி தொடங்க வேண்டும் என்றில்லை. அவன் கண்மட்டத்தில் உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரைச் சொல்லுங்கள்: "கார். சிவப்புக் கார்." கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்காதீர்கள், டப்பாவை உங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு ஐந்து நொடி பொறுங்கள். ஒரு சத்தம், ஒரு பார்வை, ஒரு விரல், எது வந்தாலும் அதைப் பேச்சாக ஏற்று உடனே கொடுங்கள். "சொன்னாத்தான் தருவேன்" என்று அழவிட வேண்டாம். மருத்துவர் பார்த்துவிட்டு 'இப்போதைக்குப் பொறுக்கலாம்' என்று சொன்னால், மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை எழுதித் தரச் சொல்லி, அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.