நட்டாத்துல விட்ட சீரிஸ் (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான்னு நெட்ஃப்ளிக்ஸ்ல 1899னு ஒரு சீரிஸ் பார்க்க ஆரம்பிச்சேன், எட்டு எபிசோடும் ரெண்டே ராத்திரில முடிஞ்சிடுச்சு. கப்பல், அந்தக் கறுப்பு பிரமிடு, எதுவுமே நிஜமில்லன்னு தெரிஞ்சு கடைசி நிமிஷத்துல ஹீரோயின் மோரா கண்ணு முழிக்கிறா, பார்த்தா விண்கலம், வருஷம் 2099. நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன் சார். சரி, ரெண்டாவது சீசன் எங்கன்னு தேடினா 2023 ஜனவரியிலயே கேன்சல் பண்ணிட்டாங்களாம். அந்த ஃப்ரெண்டுக்கு இது முன்னாடியே தெரியுமாம், சொன்னா நீ பார்க்க மாட்டேன்னுதான் சொல்லலன்றான்.

வீட்ல என்னடா எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கன்னு கேக்குறாங்க. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு, ஆனா நிஜமாவே கடுப்பா இருக்கு சார். நல்லாப் போற ஒண்ணை ஏன் இப்படிப் பாதில நிறுத்துறாங்க? இனிமே முழுசா முடிஞ்ச சீரிஸ் மட்டும்தான் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இதே ஆளுங்க எடுத்த டார்க் நான் இன்னும் பார்க்கல, அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கிறதா இல்ல. நான் பண்றது சரிதானே?

(பேர் போட வேண்டாம் சார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்க ஃப்ரெண்டு பண்ணது அயோக்கியத்தனம். நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

கடுப்பானதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. தொடர்கதைக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடந்த கூட்டம் நம்ம கூட்டம். 1954 டிசம்பர்ல கல்கி காலமானப்போ 'அமரதாரா' பாதில நின்னுடுச்சு, அப்புறம் அவர் விட்டுட்டுப் போன குறிப்புகளை வெச்சு மகள் ஆனந்திதான் எழுதி முடிச்சாங்க. எழுதுறவரே போயிட்டாருன்னா மனசு எப்படியோ சமாதானம் ஆயிடும். இங்க எழுதினவங்க நல்லாத்தான் இருக்காங்க, மூணு சீசனுக்குக் கதை யோசிச்சும் வெச்சிருந்தாங்க, சொல்லத்தான் விடல. வயிறு எரியாம என்ன பண்ணும்.

ஏன் நிறுத்துறாங்கன்னு கேட்டீங்க. பழைய டிவிலயும் நிறுத்துவாங்கதான், ரேட்டிங் விழுந்தா விளம்பரம் போயிடும், சீரிஸ் காலி. ஆனா அமெரிக்கால ஒரு நூறு எபிசோடு கிட்ட தேத்திட்டா மறு ஒளிபரப்புக்கு வித்து வருஷக்கணக்கா சம்பாதிக்கலாம்ங்கிற கணக்கு ஒண்ணு இருந்துச்சு, அதனால சுமாரா ஓடுறதைக்கூட இழுத்துப் பிடிச்சு ஓட்டுவாங்க. ஸ்ட்ரீமிங்ல அந்த ஆசை கிடையாது. புது சீரிஸ் போட்டா புதுசா சந்தா கட்ட ஆள் வரும், மூணாவது சீசன் போட்டா ஏற்கனவே உள்ள இருக்கிற நீங்களும் நானும்தான் பார்ப்போம், ஆனா சீசன் ஏற ஏற நடிகருங்க சம்பளம், மத்தவங்க சம்பளம்னு செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகும். அதனால முதல் சில வாரத்துல எத்தனை பேர் ஆரம்பிச்சாங்க, அதுல எத்தனை பேர் கடைசி எபிசோடு வரைக்கும் தாக்குப்பிடிச்சாங்க, போட்ட காசுக்கு இது கட்டுமா, இதைத்தான் பார்ப்பாங்க. 1899 பெர்லின் பக்கத்துல பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோல, சுத்தியும் ராட்சச எல்இடி திரை வெச்சு அதுல கடலையும் வானத்தையும் ஓட்டி எடுத்தது, சீப்பான சமாச்சாரம் இல்ல. 2022 நவம்பர்ல வந்துச்சு, டாப் டென்லயும் இருந்துச்சு, அப்படியும் ஏழு வாரம்கூட ஆகல, கதையை முடிச்சுட்டாங்க.

இப்ப உங்க முடிவுக்கு வரேன். முதல் சில வாரம்தான் ஒரு சீரிஸோட தலையெழுத்துன்னா, 'முழுசா வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒதுங்கி நிக்கிற ஒவ்வொருத்தரும் அந்தக் கணக்குல பார்க்காத ஆள்தான். கேன்சல் பண்ணிடுவாங்களோன்னு பயந்து நாம பார்க்கிறதில்ல, நாம பார்க்கலன்னு அவங்க கேன்சல் பண்றாங்க, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பயப்படுறாங்க. உங்களைக் குத்தம் சொல்லல, இப்படி நம்மைப் பழக்கினதே அவங்கதான். ஆனா உங்க வைராக்கியத்தால அடி வாங்குறது கம்பெனி இல்ல, நாளைக்கு வரப்போற நல்ல சீரிஸ்தான்.

சண்டை போட்டு வாங்கினவங்களும் இருக்காங்க. 1968ல ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ரசிகருங்க மூட்டை மூட்டையா லெட்டர் போட்டாங்க, மூணாவது சீசன் கிடைச்சுது, கிடைச்சதும் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணின்னு யாரும் வீட்ல இல்லாத நேரமாப் பார்த்துப் போட்டு 1969ல மூடிட்டாங்க. ஆனா அந்த மூணாவது சீசனால 79 எபிசோடு சேர்ந்துச்சு, அதை மறு ஒளிபரப்புல திரும்பத் திரும்பப் போட்டுத்தான் இன்னைக்கு இருக்கிற அவ்ளோ பெரிய கூட்டமே வளர்ந்துச்சு. ஜெரிக்கோன்னு ஒண்ணு, 2007ல நிறுத்தினப்போ ரசிகருங்க சிபிஎஸ் சேனல் ஆபீசுக்கு டன் கணக்குல வேர்க்கடலை அனுப்பினாங்க (கதைல ஒருத்தன் 'நட்ஸ்'னு சொல்ற வசனம் இருக்கு, அதுக்காக). பயந்தாங்களோ, கடலையை வெச்சுக்க இடமில்லையோ, ஏழு எபிசோடு குடுத்தாங்க. இதுல எனக்குப் பிடிச்சது கடலை இல்ல, எடுத்தவங்க செஞ்ச வேலை. சீரிஸ் தொடர்ந்தா ஒரு முடிவு, நின்னுட்டா ஒரு முடிவுன்னு ரெண்டு க்ளைமாக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டாங்க. நின்னுச்சு, ரெண்டாவதைப் போட்டாங்க.

இங்கதான் நான் மத்த ரசிகர்களோட ஒத்துப்போகாத இடம். எல்லாரும் கம்பெனியைத்தான் திட்டுறாங்க, எனக்குப் பாதிக் கோபம் எடுத்தவங்க மேல. சில சமயம் முழுத் தப்பும் சேனல் பக்கம்தான், ஒத்துக்கிறேன். 2002ல ஃபயர்ஃப்ளைன்னு ஒரு சீரிஸை முன்னுக்குப் பின்னா மாத்திப் போட்டு, ஆட்களை அறிமுகம் பண்ற முதல் எபிசோடைக் கடைசியாப் போட்டாங்க, எடுத்த 14ல 11 போட்டதோட சரி. அதுல எழுதினவங்க என்ன பண்ணுவாங்க பாவம். ஆனா 1899 வர்றப்போ நிலைமை என்னன்னு ஊருக்கே தெரியும், நெட்ஃப்ளிக்ஸ்லயே வந்த தி ஓஏங்கிற சீரிஸ் அஞ்சு சீசனுக்குத் திட்டம் போட்டு 2019ல ரெண்டோட நின்னது எல்லாரும் பார்த்ததுதான். தெரிஞ்சும் என்ன பண்ணாங்க? எட்டு எபிசோடாக் கட்டின முடிச்சையெல்லாம் 'இது சிமுலேஷன்', அதாவது கம்ப்யூட்டர் காட்டின போலி உலகம்னு ஒரே இழுப்புல உருவிட்டு, கண்ணு முழிச்சவ முன்னாடி ஒரு திரை, அதுல காணாமப் போன கூடப்பிறந்தவன் கிட்ட இருந்து நிஜத்துக்கு வரவேற்கிறேன்னு ஒரு மெசேஜ், கட். அடுத்த சீசன் கிடைக்கணும்னு பார்க்கிறவனைப் பணயம் வைக்கிற வேலை இது. ஒவ்வொரு சீசனுக்கும் சுபம் போடுங்கன்னு நான் சொல்லல, கேட்ட கேள்வில ஒண்ணுக்காவது பதில் சொல்லிட்டுப் போங்கன்றேன். ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ் எடுத்தவங்க மொத்தமே 18 எபிசோடுதான் எடுத்தாங்க, எப்ப வேணா நிறுத்திடுவாங்கன்னு மோப்பம் பிடிச்சுக் கடைசி எபிசோடை முன்கூட்டியே எடுத்து வெச்சுட்டாங்க. 2000ல நின்னுது, ஆனா இன்னைக்குப் பார்த்தாலும் பாதில எழுந்து போற மாதிரி இருக்காது.

இவ்ளோ திட்டினாலும் அந்த ரெண்டு ராத்திரி வீண்னு நான் சொல்ல மாட்டேன். கப்பல் அடில கரி அள்ளிப் போடுற போலந்துக்காரன் ஒலெக், ஜப்பான்காரி வேஷத்துல வர்ற ஹாங்காங் பொண்ணு லிங் யீ, அவன் போலிஷ்ல பேசுறான், அவ காண்டனீஸ்ல பேசுறா, ஒருத்தர் பேசுறதுல ஒரு வார்த்தை இன்னொருத்தருக்குப் புரியாது, ஆனா பேசிக்கிட்டே இருக்காங்க. எனக்கு அந்த மர்மத்தை விட இதுதான் பெருசாத் தெரிஞ்சுது, அதுக்கு ரெண்டாவது சீசன் தேவையும் இல்ல. நீங்க இங்கிலீஷ் டப்பிங்ல பார்த்திருந்தீங்கன்னா இது மொத்தமாப் போயிருக்கும், எல்லாரும் இங்கிலீஷே பேசிக்கிட்டு ஏன் புரியாத மாதிரி முழிக்கிறாங்கன்னு குழம்பியிருப்பீங்க. ஒரிஜினல் ஆடியோவுக்கு மாத்தி அவங்க வர்ற இடத்தையாவது திரும்பப் பாருங்க.

டார்க் விஷயத்துல வீம்பு பண்ணாதீங்க. அது 2017ல ஆரம்பிச்சு 2020ல மூணு சீசன், 26 எபிசோடோட அவங்க நினைச்ச மாதிரியே முடிஞ்சது, அதாவது உங்க புதுச் சட்டப்படியே பார்க்கத் தகுந்த சீரிஸ். பேப்பர் பேனா பக்கத்துல வெச்சுக்கோங்க, யார் யாருக்குப் பிள்ளைன்னு மூணாவது எபிசோடுல இருந்தே எழுதிக்கிட்டு வந்தாத்தான் தப்பிப்பீங்க. அதையும் ஜெர்மன்ல பாருங்க.