வாசகர் கேள்வி–பதில்: சுனேகோ சசமோட்டோவின் கேமரா

சென்ற இதழில் ஜப்பானின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் சுனேகோ சசமோட்டோவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளைத் தேர்ந்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: இவரை ஜப்பானின் முதல் பெண் புகைப்படக் கலைஞர் என்று சிலரும், முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று சிலரும் எழுதுகிறார்கள். எது சரி? (வாசகி, சேலம்)

இரண்டாவதுதான் சரி. சசமோட்டோ பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1864-இல், ஷிமா ர்யூ என்ற பெண்மணி தம் கணவரைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்திருக்கிறார். கணவர் இறந்த பிறகு சொந்த ஊரான கிர்யூவுக்குத் திரும்பித் தனியாக ஸ்டூடியோவும் நடத்தினார். பிற்காலத்தில் யமாசவா எய்கோ அமெரிக்காவில் தொழில் பழகிவந்து 1931-இல் ஒசாகாவில் ஸ்டூடியோ திறந்தார். எனவே ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்குள் பெண் படமெடுப்பதை ஜப்பான் முன்னரே பார்த்துவிட்டது. அரசியல் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் அரசு விருந்துக்கும் செய்தியாளர் என்ற உரிமையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் போனதுதான் புதிது. அதைத் தொழிலாகச் செய்த முதல் பெண் சசமோட்டோ.

கேள்வி: பெண்கள் இத்துறைக்கு வராத காலத்தில் இவர் எப்படி நுழைந்தார்? குடும்பத்தில் யாராவது புகைப்படக்காரர்களா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

குடும்பத்தில் யாரும் இத்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். சுனேகோ 1914 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவில் பிறந்தார். (அவருடைய ஒன்பதாவது பிறந்த நாளன்றுதான் டோக்கியோவை நாசமாக்கிய பெருநிலநடுக்கம் ஏற்பட்டது.) ஓவியராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. தந்தை அதற்கு இணங்கவில்லை. மனையியல் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டார்; ஓவியமும் தையலும் கற்றார்; பின்னர், இன்றைய மைனிச்சி நாளிதழின் முன்னோடியான டோக்கியோ நிச்சிநிச்சி இதழின் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களுக்குச் சித்திரம் வரையும் பகுதிநேர வேலையில் சேர்ந்தார்.

அந்த இதழில் முன்பு செய்தியாளராக இருந்த கெனிச்சி ஹயாஷி என்பவர், ஜப்பானைப் பற்றிய படங்களை வெளிநாடுகளுக்கும் இதழ்களுக்கும் வழங்கிவந்த புகைப்படச் சங்கத்துக்கு அவரை அழைத்தார். அப்போது ஹயாஷி எடுத்துச் சொன்ன உதாரணம் அமெரிக்காவின் மார்கரெட் போர்க்-ஒயிட். 1936 நவம்பரில் வெளிவந்த 'லைஃப்' முதல் இதழின் அட்டைப்படம் அந்தப் பெண்மணி எடுத்தது. ஃபோர்ட் பெக் அணையின் கான்கிரீட் தூண்கள் கோட்டைக் கொத்தளங்களைப் போல வானை மறைத்து நிற்க, படத்தின் அடியில் இரண்டு மனிதர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள். அந்தப் பிரம்மாண்டத்தை எடுத்தது ஒரு பெண் என்ற செய்திதான் ஓவியக்காரச் சுனேகோவைக் கேமராவின் பக்கம் திருப்பியது. 1940-இல் சங்கத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து லைகா கேமராவில் எதுவும் தானாக நடக்காது. ஒரு சுருளில் 36 படங்கள். எதிரே நிற்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார், அறையில் எவ்வளவு வெளிச்சம் என்பதற்கேற்ப, ஒவ்வொரு முறையும் விரலால் வளையத்தைத் திருகிக்கொள்ள வேண்டும். சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. கேமராவைப் பிடித்தறியாத ஒருவர், திரும்ப நடக்கப்போகாத நிகழ்ச்சிகளைப் படமெடுத்துக்கொண்டேதான் இவ்வளவையும் கற்றுக்கொண்டார்.

கேள்வி: 1940-இல் எடுத்த படங்கள் என்றால் அவை ராணுவ அரசின் பிரசாரத்துக்குப் பயன்பட்டவைதானே? இப்படிப்பட்டவரைக் கொண்டாடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்)

ஆம், பயன்பட்டவைதான். இதை மழுப்பிச் சொல்வதற்கில்லை. சீனாவுடன் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அரசின் செய்தித்துறை 1938 முதல் 'ஷாஷின் ஷூஹோ' என்ற படவார இதழை நடத்திவந்தது. புகைப்படச் சங்கம் இயங்கியதும் அந்த நிழலில்தான். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளும் 1940 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டதைப் பெண்கள் கூடிக் கொண்டாடிய விழா, அவர் படமெடுத்த ஆரம்பகால நிகழ்ச்சிகளுள் ஒன்று.

ஆனால் அந்தத் தலைமுறையில் கேமராவால் பிழைத்தவர்களுள் இதிலிருந்து விலகி நின்றவர்கள் மிகச் சிலரே. ஜப்பானியப் புகைப்படக் கலையின் பெரும் பெயர்களில் ஒருவரான கிமுரா இஹேய், வெளிநாடுகளுக்கான 'ஃப்ரன்ட்' என்ற போர்க்காலப் பிரசார இதழின் படப்பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா கூட 1942-இல் டெல்லிக்கு வந்தது பிரிட்டிஷ் அரசின் செய்தி அமைப்பில் பணியாற்றத்தான். எதிரெதிர் அணியில் இருந்த இரண்டு அரசுகளுமே பெண்ணுக்குக் கேமராவைக் கொடுக்கப் போர்க்காலத் தேவை ஒரு காரணமாக இருந்தது என்பது கசப்பான உண்மை.

அந்தப் படங்களை ஒளித்துவைக்காமல் பிற்காலக் கண்காட்சிகளில் சசமோட்டோ காட்சிக்கு வைத்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். போர் என்றதும் நமக்குப் படைகளும் பீரங்கிகளும்தான் நினைவுக்கு வரும். பெண்கள் கூடும் ஒரு விழாவும்கூடப் போரின் ஒரு பகுதியாக எப்படி ஆக்கப்பட்டது என்பதற்கு அந்தப் படம் சாட்சி. சங்கத்திலும் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. வீட்டாரின் எதிர்ப்பால் சுமார் ஓராண்டிலேயே வேலையை விட்டார்.

கேள்வி: போருக்குப் பிந்தைய படங்களில் முக்கியமானவை எவை? (வாசகர், மதுரை)

போர் முடிந்தபின் அவர் 1946-இல் 'ஃபுஜின் மின்ஷு ஷிம்புன்' என்ற பெண்கள் ஜனநாயக வார ஏட்டுக்குப் படமெடுக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டே தன்னுரிமை (ஃப்ரீலான்ஸ்) கலைஞரானார். 1946 ஏப்ரலில் ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்து 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த உற்சாகத்தில் பிறந்த இதழ் அது. அமெரிக்கப் படையினருக்கான கடையாக மாறிப்போன கின்சா வீதிக் கட்டடம், போரில் தோற்ற ஜப்பானைத் தன் பிடியில் வைத்திருந்த ஆக்கிரமிப்புப் படையின் தளபதி மக்ஆர்தர் என்று அக்காலத்து டோக்கியோ அவர் படங்களில் பதிந்திருக்கிறது. 1950-இல் தோன்றிய ஜப்பான் தொழில்முறைப் புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் அவரும் ஒருவர்.

1953-இல், குண்டுவீச்சில் சிதைந்தும் விழாமல் எஞ்சிய கட்டடமான ஹிரோஷிமா அணுகுண்டுக் குவிமாடத்தை அவர் எடுத்த படத்தை, அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையால் அணுகுண்டின் கோரத்தைக் காட்டும் படங்களை 1952 வரை தாராளமாக வெளியிட முடியவில்லை. அவர் போய் நின்றபோது அந்தக் கட்டடம் நினைவுச்சின்னமும் அல்ல. இடித்துவிடலாமா, விட்டுவைக்கலாமா என்ற கேள்வி தீராமல் நின்ற ஒரு சிதிலம். அதைப் பாதுகாப்பதென்று நகர்மன்றம் தீர்மானித்தது 1966-இல்தான். உலகப் பாரம்பரியச் சின்னமானது 1996-இல். நாம் இன்று வணக்கத்தோடு பார்க்கும் அந்த எலும்புக்கூட்டை, அதன் கதி என்னவாகும் என்று தெரியாத நாளில் அவர் பார்த்தார்.

1955-இல் சோஷலிசத் தலைவர் இனேஜிரோ அசானுமாவைப் படமெடுத்தார். ஐந்தாண்டுக்குப் பின், 1960 அக்டோபர் 12 அன்று, டோக்கியோவின் ஹிபியா அரங்கில் மேடையில் பேசிக்கொண்டிருந்த அசானுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் வாளால் குத்திக் கொன்றான். மைனிச்சி இதழின் யசுஷி நகாவோ எடுத்த அந்தக் கொலைக்காட்சிக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உலகம் அசானுமாவை அந்த ஒரு நொடியில்தான் அறிந்திருக்கிறது. அவர் உயிரோடிருந்த நாளில் எடுத்த சசமோட்டோவின் படத்தையும் அதோடு சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் நமக்கு முழுமையாகக் கிடைப்பார்.

அதே 1960-இல் ஜப்பானை உலுக்கிய இரண்டு போராட்டங்களிலும் அவர் கேமராவோடு இருந்தார். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த கூட்டம் ஒன்று. மற்றொன்று தெற்கே மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் 1,278 தொழிலாளர்கள் ஆட்குறைப்புக்கு இலக்கானதால் மூண்டு, ஆண்டின் பெரும்பகுதி நீடித்த வேலைநிறுத்தம். அங்கே அவருடைய கேமரா தேடியது தொழிலாளர்களின் மனைவியரை. சம்பளம் நின்றுபோன வீட்டில் அடுப்பெரிப்பதும் அவர்கள்தாம், மறியலுக்கு வந்து நிற்பதும் அவர்கள்தாம். இவருடைய படங்களில் ஒரே ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மீகே பெண்களைத்தான் சொல்வேன்.

கேள்வி: இவ்வளவு சாதித்தவர் இருபது ஆண்டுகள் கேமராவைத் தொடவே இல்லையாமே! ஏன்? (இல்லத்தரசி, திருநெல்வேலி)

படம் வாங்குவதற்கு இதழ்கள் இல்லாமல் போனதுதான் காரணம். தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்த அறுபதுகளின் நடுவில், அவருடைய படங்களை வெளியிட்டுவந்த இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாதச் சம்பளம் இல்லாத தன்னுரிமைக் கலைஞருக்கு இதழ் நின்றால் வருமானமும் நின்றது. தையல், மலர் அலங்காரம் என்று வேறு தொழில்களால் வாழ்க்கையை நடத்தினார். திறமை வற்றிவிட்டது என்றோ, பெண் என்பதால் சலித்துவிட்டது என்றோ இதற்கு விளக்கம் தருவது அநியாயம். அவர் அதே கண்களோடு, வேலை கிடைக்காத ஊரில் உட்கார்ந்திருந்தார்.

1985-இல், 71 வயதில், பழைய நெகட்டிவ்களை எடுத்து ஒரு கண்காட்சி நடத்தினார். பழைய புகழை நினைவூட்டிவிட்டு ஓய்ந்துவிடும் வயது அது. அவரோ புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினார். மெய்ஜி காலத்தில், அதாவது 1912-க்கு முன் பிறந்து, தங்கள் துறைகளில் தடம் பதித்த பெண்களைத் தேடித்தேடிச் சென்று நேர்காணல் செய்து படமெடுத்தார். எழுத்தாளர் உனோ சியோ உள்ளிட்ட ஏறத்தாழ நூறு பேரின் படங்கள் அப்படிச் சேர்ந்தன.

இந்த வேலையின் அருமை புரிய அப்பெண்கள் வாழ்ந்த காலம் தெரிய வேண்டும். 1898-ஆம் ஆண்டுச் சிவில் சட்டப்படி, மணமான பெண் கணவரின் சம்மதமில்லாமல் முக்கியமான ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட முடியாது. 1900-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதையே தடுத்தது. அந்தத் தடை 1922-இல்தான் நீங்கியது. இத்தனையையும் தாண்டி எழுதியவர்கள், நடித்தவர்கள், போராடியவர்கள் அவர்கள். 1985-இல் அவர்களுள் மிக இளையவருக்கே வயது 70-ஐத் தாண்டிவிட்டது. பத்தாண்டு தாமதித்திருந்தால் பலரைப் பார்த்திருக்கவே முடியாது. தந்தை தடுத்தது, வீட்டார் தடுத்தது, சந்தை கைவிட்டது எல்லாவற்றையும் அனுபவித்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, அந்தப் பெண்கள் மற்றவர்களிடம் பேசாததையும் பேசியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'முதல் பெண்' என்ற பட்டம் அவருக்கு 1940-இல் தற்செயலாகவும் வந்திருக்கலாம். இந்த நூறு படங்கள் தற்செயலாக வந்தவை அல்ல.

கேள்வி: நூறு வயதுக்கு மேலும் படமெடுத்தாராமே, உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

உண்மைதான். 96 வயது வரை தம் வயதை வெளியே சொல்லாமல் இருந்தவர், அந்த வயதில் நடந்த கண்காட்சியின்போதுதான் வெளிப்படுத்தினார். 2011-இல் யோஷிகாவா எய்ஜி பண்பாட்டுப் பரிசு பெற்றார். நூறு வயதை எட்டியபின் இடக் கையும் இரு கால்களும் முறிந்தன. அதன் பிறகும், மறைந்த நண்பர்களின் நினைவாக மலர்களைப் படமெடுக்கும் 'ஹானா அகாரி' என்ற தொகுப்பில் ஈடுபட்டிருந்தார். 2016-இல் அமெரிக்காவின் லூசி வாழ்நாள் சாதனையாளர் விருது கிடைத்தபோது வயது 102. 2022 ஆகஸ்ட் 15 அன்று, தம் 107-ஆவது வயதில் காலமானார்.

கேள்வி: இவரையும் ஹோமாய் வியாரவாலாவையும் ஒப்பிட முடியுமா? (புகைப்பட மாணவர், சென்னை)

ஒரு வயதுகூட வித்தியாசமில்லாதவர்கள் இருவரும். ஹோமாய் 1913 டிசம்பரில் பிறந்தவர். நேருவையும், சுதந்திரத்தை ஒட்டிய டெல்லியையும் அவர் எடுத்த படங்கள் நமக்குப் பழக்கமானவை. கணவரின் மறைவுக்குப் பின் 1970-இல் தொழிலை விட்ட ஹோமாய் மீண்டும் அதற்குத் திரும்பவே இல்லை; 2012-இல் மறைந்தார். எவருடைய படம் உயர்ந்தது என்று நான் தராசு பிடிக்க விரும்பவில்லை. ஹோமாய் எடுக்காமல் விட்ட நாற்பது ஆண்டுகளை நினைத்தால் மட்டும் ஆதங்கமாக இருக்கிறது.

கேள்வி: சசமோட்டோவுக்குப் பின் வந்த ஜப்பானியப் பெண்களில் யாரைத் தேடிப் பார்க்கலாம்? (வாசகி, திருச்சி)

முதலில் தொயோகோ தொகிவா. தந்தையை 1945-ஆம் ஆண்டு யோகோஹாமா குண்டுவீச்சில் இழந்தவர். அதே நகரின் சிவப்பு விளக்குப் பகுதிக்குள் சென்று, அங்கே வாழ்ந்த பெண்களைப் படமெடுத்து 1957-இல் நூலாக்கினார். அடுத்து நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களோடு வாழ்ந்து படமெடுத்த ருய்கோ யோஷிதா. காணொளிச் செய்தியாளர் மிகா யமாமோட்டோ, ஈராக் போரைப் பாக்தாத்திலிருந்து பதிவுசெய்தவர். 2012 ஆகஸ்ட் 20 அன்று சிரியாவின் அலெப்போ நகரில் சுடப்பட்டு இறந்தார். இளையவர்களில் நோரிகோ ஹயாஷி, கிர்கிஸ்தானில் பெண்களைக் கடத்திச்சென்று மணமுடிக்கும் வழக்கத்தைப் படமாக்கி 2013-இல் பிரான்சின் 'விசா தோர்' விருது பெற்றவர். இவர்களில் ஒருவரோடு மட்டும் தொடங்க விரும்பினால், தொகிவாவோடு தொடங்கலாம். மீகே பெண்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் படங்கள் அந்நியமாக இருக்காது.