கம்பெனிகளுக்குள் காப்புரிமை வழக்கு: தீபாவளி ஸ்டாக் எடுக்கலாமா?

கேள்வி: சேலம் நான்கு ரோடு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறேன். விற்பனை, சர்வீஸ் இரண்டும் உண்டு. என்னிடம் அதிகம் ஓடும் பிராண்ட் மீது இன்னொரு பெரிய கம்பெனி காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குப் போட்டிருப்பதாகச் செய்தி. டிஸ்ட்ரிபியூட்டரோ தீபாவளிக்கு 60 போன் எடுக்கச் சொல்கிறார். எடுத்தால் மாட்டிக்கொள்வேனா? ஏற்கெனவே விற்ற போன்கள் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. கஸ்டமர் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். சாம்சங் மீது ஆப்பிள் 2011-ல் போட்ட வழக்கு 2018 வரை ஓடியது. பட்டியலை விரலால் கடைசிவரை தள்ளினால் லேசாகக் குதித்துத் திரும்புமே, அதற்குக்கூட அதில் சண்டை. 2012-ல் நூறு கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது, 2018-ல் 53.9 கோடி என்றானது, அப்புறம் சமாதானமாகப் போனார்கள். வாங்கியவர் கையிலிருந்த போனை யாரும் பிடுங்கவில்லை.

உங்கள் கவலை ஸ்டாக் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி, உரிமையாளர் அனுமதியில்லாமல் தயாரிப்பது மட்டுமல்ல, விற்பதும் மீறல்தான். ஆனால் வழக்குப் போடுகிறவர்கள் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். 2024 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் ஸ்வீடன் நாட்டு எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது போன் தயாரிக்கும் லாவா கம்பெனியைத்தான்.

பயப்பட வேண்டியது இடைக்காலத் தடைக்கு, அதாவது வழக்கு முடியும் முன்பே விற்பனையை நிறுத்தச் சொல்லும் உத்தரவுக்கு. 2014 டிசம்பரில் எரிக்சன் கேட்டு ஷாவ்மி போன்களுக்கு டெல்லி உயர்நீதிமன்றம் தடை போட்டது. சில நாளிலேயே, குவால்காம் சிப் உள்ள மாடல்களை மட்டும் போனுக்கு 100 ரூபாய் டெபாசிட் கட்டி விற்கலாம் என்று தளர்த்தியது. ஒரே பிராண்ட், ஆனால் உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்து ஒரு மாடல் விற்கலாம், இன்னொன்று விற்கக் கூடாது. ஜெர்மனியில் நோக்கியாவிடம் தோற்று 2022-ல் ஓப்போ விற்பனையை நிறுத்தியது. ஒப்பந்தம் வந்தது 2024 ஜனவரியில்தான். பண்டிகை நேரத்தில் இப்படி ஒரு தடை வந்தால் உங்கள் முதல் முடங்கிவிடும்.

அதனால் 60-ஐ ஒரே தடவையில் எடுக்காதீர்கள். பதினைந்து, இருபதாக எடுங்கள். தடை வந்தால் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக டிஸ்ட்ரிபியூட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. ஐஎம்இஐ நம்பரோடு ஜிஎஸ்டி பில் கட்டாயம். காப்புரிமை இருப்பதே தெரியாமல் விற்றவர் நஷ்டஈடு தர வேண்டாம் என்று 111-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் செய்தியைப் படித்துவிட்டீர்கள், அதை நம்பியிருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: சர்வீஸுக்கு வாங்கும் டிஸ்ப்ளேக்களில் இருக்கும் முத்திரை. எனக்கு அதுதான் கூடுதல் கவலை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை நினைத்துப் பாருங்கள். திருகு வேலைசெய்யும் புதுவிதம் காப்புரிமை, பூ வேலையின் தோற்றம் வடிவமைப்புப் பதிவு, அடித்திருக்கும் முத்திரை வர்த்தக முத்திரை. மூன்றும் வேறு வேறு. காப்புரிமை மீறல் சிவில் வழக்கு, அதற்காகப் போலீஸ் கடைக்கு வராது. போலி முத்திரை அப்படியல்ல. 1999-ம் வருட வர்த்தக முத்திரைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு, சரக்கையும் பறிமுதல் செய்யலாம்.

சர்வீஸ் மேஜையில் இருக்கும் டிஸ்ப்ளேக்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கம்பெனி லோகோ இருக்கிறதா? மார்க்கர் மையால் அடித்து மறைத்திருக்கிறார்களா? நார்வேயில் ஒரு சர்வீஸ்காரர் வரவழைத்த 63 ஐபோன் டிஸ்ப்ளேக்களைச் சுங்கத்துறை 2017-ல் பிடித்தது. லோகோ மறைத்துத்தான் இருந்தது. ஆனாலும் 2020-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆப்பிள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. லோகோ இல்லாத காம்பேட்டிபிள் (அந்த மாடலுக்குப் பொருந்தும்) டிஸ்ப்ளேயை வாங்குங்கள், பில்லிலும் ‘காம்பேட்டிபிள்’ என்றே எழுதிக் கொடுங்கள்.