அனுமதி மறுப்பும் ஒரு டீயும்

அக்காவுக்கு வணக்கம்.

நான் அறவே வெறுக்கும் ஓர் அமைப்பு போன வாரம் எங்கள் ஊரில் பொதுக்கூட்டம் போட இருந்தது. போலீஸ் அனுமதி தரவில்லை. சந்தோஷத்தில் நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி ஏனோ உறுத்தியது. பொய்யும் வெறுப்பும் பேசுகிறவர்களுக்கும் பேச்சுரிமை உண்டா? எழுத்தாளர்கள் இதற்கெல்லாம் ஏன் வாய் திறப்பதில்லை?

செ.

அன்புள்ள தம்பி,

உறுத்தியது என்று எழுதினாயே, அதற்காகத்தான் இந்தப் பதில். டீயோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

எழுத்தாளர்களை விடு. எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது இன்னும் கஷ்டம். கலவரத்தைத் தூண்டிப் பேசினால் வழக்குப் போடச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. பேசுவதற்கு முன்பே மைக்கைப் பிடுங்குவது வேறு கதை.

உன் சந்தோஷம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்ச நாளாக 1950ஆம் வருஷத்து வழக்குகள் இரண்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 1 அன்று மதராஸ் அரசு, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வாரப் பத்திரிகைக்குத் தடை போட்டது. மறுநாள் டெல்லியில், ஆர்.எஸ்.எஸ். சார்புள்ள ‘ஆர்கனைசர்’ வகுப்புவாத விஷயங்களையும் பாகிஸ்தான் செய்திகளையும் அச்சிடும் முன் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. இரண்டு பத்திரிகைக்காரர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மே 26 அன்று, ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் ஐந்து பேர், இரண்டு உத்தரவுமே செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் மதராஸில் வக்கீலாக இருந்த பதஞ்சலி சாஸ்திரி. ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார், அதுவும் இரண்டிலும். அவரும் ஆள் பார்க்கவில்லை, கவனி.

இடதுசாரிப் பத்திரிகைக்குத் தடை வந்தபோது ஆர்கனைசர் வாசகர் யாராவது உன்னைப் போல டீ வாங்கிக் கொடுத்திருப்பார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் பத்திரிகைக்கே உத்தரவு வந்துவிட்டது. கடைசியில் இருவரையும் காப்பாற்றியது ஒரே வாதம். உனக்கு வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு ஒன்று என்று உரிமையை இரண்டாக நறுக்க முடியாது தம்பி.

அப்புறம் நடந்ததுதான் எரிச்சல். 1951 ஜூனில், முதல் பொதுத்தேர்தலுக்கு முன்பே, நேரு அரசு சாசனத்தைத் திருத்தியது. பேச்சைக் கட்டுப்படுத்த ‘பொது ஒழுங்கு’ம் ஒரு காரணமாகச் சேர்ந்தது. நேருவை எனக்குப் பிடிக்கும். இந்தக் காரியத்தைப் பிடிக்காது. நாடாளுமன்றத்தில் அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களில் இந்து தேசியவாதத் தலைவர் ஷியாமா பிரசாத் முகர்ஜி ஒருவர். அவர் அரசியலுக்கும் எனக்கும் ஒட்டே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் பக்கம்தான் நியாயம். இப்படிச் சொல்ல உனக்கு வாய் வருமா?

அப்பாவின் டீக்கடையில் ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பேசுவார்கள். ஒருநாள் ஒருவரைப் பேசவே விடாமல் மொத்தக் கடையும் கத்தியது. அப்பா வடிகட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அவன் சொல்லி முடிக்கட்டும், அதுவரைக்கும் யாருக்கும் டீ கிடையாது” என்றார். அந்த ஆள் சொன்னது சுத்த அபத்தம். அப்பாவே ராத்திரி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

சரி, போலீஸ் என்ன காரணம் சொல்லி அனுமதி மறுத்தது? உன் கடிதத்தில் அது இல்லையே. விசாரிக்கக்கூடத் தோன்றவில்லையா? உத்தரவின் நகல் அந்த அமைப்பிடம் இருக்கும். திட்டிக்கொண்டேயாவது போய்க் கேட்டு வாங்கிப் படி. அப்புறம் எழுது.

அன்புடன்,
அக்கா