எடை குறைந்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம். வயது 38, எடை 96 கிலோ, பிரஷர் 150/96, மாத்திரை தொடங்கி ஒரு மாதம். எடையைக் குறைத்தால் அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு அது நடக்கிறது. ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி அழுத்துகிறது, நரம்புகளையும் முடுக்கிவிடுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ள, பிரஷர் ஏறுகிறது. எடை இறங்கினால் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 1 புள்ளி இறங்கும். ஆளுக்கு ஆள் மாறும்.

அதற்கு முன் வீட்டு மெஷினின் கைப்பட்டையைப் பாருங்கள். என் புஜத்தின் சுற்றளவு 36 செ.மீ.; மெஷினோடு வந்த பட்டை 32 வரைதான். இழுத்து ஒட்டினால் காற்று ஏறும்போதே பிய்த்துக்கொள்ளும், எப்போதும் 150க்கு மேலேயே காட்டும். பெரிய பட்டை மாற்றியதும் 140. பட்டை சின்னதாக இருந்தால், இல்லாத பிரஷரையும் காட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இன்ச் டேப்பைச் சுற்றி வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், குறட்டை அதிகம் என்று மனைவி சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றால், மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காமல் போகலாம். பருமனானவர்களுக்கு இது அதிகம்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், ஊறுகாய் அப்பளம் கருவாடு எல்லாம் சேர்த்து. ஐந்து கிலோ குறைந்ததும் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து, குறித்த தாளோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவரே சொல்வார்.