வெக்டரா, அளவு குறித்த அரேயா?

கேள்வி: நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை எடைகளைக் கணக்குப் பார்க்க சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். சுமார் ஒரு லட்சம் பதிவுகள். வெக்டரில் (தேவைக்கேற்ப வளரும் பட்டியல்) போட்டால் ஆமை வேகம். நண்பர் சொன்னாரென்று மெயின் ஃபங்ஷனுக்குள் ‘டபுள் எடை[200000]’ என்று, இரண்டு லட்சம் எண்களுக்கு முன்பே அளவு குறித்த அரேயாக மாற்றினேன். விண்டோஸில் ஓடத் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது. எதை வைத்துக்கொள்வது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: வெக்டரையே வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. நீங்கள் அனுப்பிய கோடில், லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ரிசர்வ்(சைஸ் + 1), அதாவது ‘இப்போது இருப்பதைவிட ஒன்றுக்குக் கூடுதலாக இடம் ஒதுக்கு’ என்று இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

வீட்டுப் பத்தாயம் போதவில்லை என்றால் பெரிதாக ஒன்று செய்து, பழையதில் இருக்கும் நெல்லை அதில் அள்ளிக் கொட்டுவோம் இல்லையா? வெக்டரும் அதையேதான் செய்கிறது. நீங்கள் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில், இடம் போதாத ஒவ்வொரு முறையும் அளவு இரண்டு மடங்காகும். அதனால் ஒரு லட்சம் எடைகளைப் புஷ்_பேக் செய்தாலும் (கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாலும்) இடம் மாறுவது 17 முறைதான். மொத்தம் ஏறத்தாழ 1.31 லட்சம் நகல்கள். நீங்களோ ஒரு மூட்டை வரும்போதெல்லாம், அந்த ஒரு மூட்டைக்கு மட்டும் கூடுதல் இடம் விட்டுப் புதுப் பத்தாயம் செய்யச் சொல்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 500 கோடி நகல்கள்! லூப்புக்கு வெளியே ஒரே ஒரு ரிசர்வ்(100000) போதும். அந்த 17 மாற்றங்களும்கூட இருக்காது.

சரி, அரே ஏன் நின்றது? ஃபங்ஷனுக்குள் எழுதிய அரே, ஸ்டாக் என்ற சிறிய தற்காலிக நினைவகப் பகுதியில் உட்காருகிறது. ஒரு டபுளுக்கு (தசம எண்) 8 பைட்; 2 லட்சம் டபுள் என்றால் 16 லட்சம் பைட். விண்டோஸ் வழக்கமாகத் தரும் ஸ்டாக் 1 எம்பிதான்.

நிரப்பி முடித்தபின் படிக்கிற வேகத்தில் இரண்டுக்கும் அநேகமாக வித்தியாசமே இல்லை. இரண்டிலும் எண்கள் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. ஆனால் கம்பைலரின் ஆப்டிமைசேஷன் (வேகப்படுத்தும் வசதி) போடாமல் அளந்தால் வெக்டர் வீணாகக் கெட்ட பெயர் வாங்கும்.

அளவு குறித்த அரே உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் வேறு. மூட்டைக்கு மூன்று எண்கள் மட்டும் என்றால், அந்த மூன்றையும் வைக்க மூட்டைக்கு ஒரு வெக்டர் என்று வைக்காதீர்கள். லட்சம் தடவை ஹீப்பில் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) இடம் கேட்க வேண்டிவரும். அங்கே சி பிளஸ் பிளஸ்ஸிலேயே இருக்கும், அளவு குறித்த ஸ்டாண்டர்டு அரேதான் சரி.

இன்னொன்று. ஓர் எடையின் பாயிண்டரை (நினைவக முகவரியை) எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் புஷ்_பேக் செய்யாதீர்கள். வெக்டர் இடம் மாறினால் அந்தப் பாயிண்டர், பிரித்துப்போட்ட பழைய பத்தாயத்தைத்தான் காட்டும். அதற்குப் பதில் இண்டெக்ஸை (எத்தனையாவது எடை என்ற எண்ணை) வைத்துக்கொள்ளுங்கள்.