ஆறு முருங்கைக்காய், எண்ணூறு ரூபாய்

டீச்சரிடம் கேளுங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோயில் விஷயம். (கிறிஸ்தவ ஆலயத்தையும் எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வோம்.) ஏரல் பக்கத்துக் கிராமத்தில் 31 வருஷம் பாடம் நடத்தியவள், அந்த ஊர்க் கோயிலுக்கு ஏலக் கணக்கும் எழுதியவள் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டதால் அவர்கள் கோயில் அறுப்பின் பண்டிகைக்கு (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகையாம்) போனேன். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஆறு முருங்கைக்காயை ஒருவர் 800 ரூபாய்க்கு எடுத்தார். சந்தையில் 60 ரூபாய்கூடப் போகாதே, டீச்சர்?
— வாசகி, சங்கரன்கோவில்

போகாதுதான். எடுத்தவருக்கும் அது தெரியும். ரொக்கமாகக் காணிக்கை போட முடியாதவர்கள் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கால் கட்டிய சேவல். அந்தச் சேவல் பிரசங்கத்துக்கு நடுவில் கூவும். ஐயரும் (எங்கள் ஊரில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) அது முடிக்கட்டும் என்று நிறுத்துவார்.

ஒரு வருஷம், பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் அம்மா ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார். 50 ரூபாய்க்கு எடுத்தவர் அதைத் திரும்ப மேஜையில் வைத்து, "மறுபடியும் கூறுங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே செய்தார். என் நோட்டில் அந்த ஒரு முட்டைக்கு நாலு வரி: 50, 70, 110, 40. மொத்தம் 270. அந்த அம்மா தூண் பக்கம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியாக எடுத்த பையன் கோயில் வாசல் தாண்டுவதற்குள் முட்டையைக் கீழே போட்டு உடைத்துவிட்டான்.

இதில் வீம்பும் உண்டு. இரண்டு குடும்பம் ஒரு பூசணிக்காய்க்காக மல்லுக்கு நின்று, பிறகு பணம் தராமல் அடுத்த பண்டிகை வரை இழுத்தடித்ததை நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை நீங்களும் ஏலம் கேளுங்கள், யாரும் மதம் பார்க்க மாட்டார்கள். நற்கருணை (அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்கும் நேரத்தில் மட்டும் எழும்பிப் போகாமல் இடத்திலேயே இருந்துகொண்டால் போதும். அசனம் (கோயிலில் எல்லாருக்கும் போடும் பந்திச் சாப்பாடு) இருந்தால் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள். பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்காமல் பரிமாறுகிற சாப்பாடு அது.

கேள்வி: என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுக் கோயிலுக்குக் கொடுப்பார். இன்னும் அது உண்டா?
— வாசகர், தாம்பரம்

கைப்பிடி அரிசி. உண்டு, ஆனால் குறைந்துவிட்டது. பத்து வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழும்: ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்து. அதைப் பொங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி குழைந்துவிடும், பாதி விறைத்து நிற்கும். அதையும் ஏலத்தில் எடுக்க ஆள் இருந்தது. பெரும்பாலும் கோழி வளர்ப்பவர்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து நாசரேத் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேன். இரண்டும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்தான். ஆனால் இங்கே புத்தகத்தைப் பார்த்து ஜெபம், அடிக்கடி முழங்கால். எப்போது எழும்ப வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்றே தெரியவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.
— புதுப்பெண்

உன் மேல் தப்பில்லை, மகளே. பெயர் ஒன்றானது 1947 செப்டம்பர் 27-இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். அதற்கு முன்னால் உங்கள் பக்கம் லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம். 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் வேலை தொடங்கிய ரிங்கல்தௌபே வழி. அங்கே போதகர் மனதிலிருந்து ஜெபிப்பார், சபை கேட்டு ஆமென் சொல்லும். திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷன்கள். அச்சிட்ட ஜெபப் புத்தகம், குரு ஒரு வரி, சபை ஒரு வரி. கையெழுத்துப் போட்டு ஒன்றாகிவிடலாம், முழங்காலுக்கு அது சீக்கிரம் புரியாது.

ஒரு வழி சொல்கிறேன். வயதான ஓர் ஆச்சிக்குப் பின்னால் போய் உட்கார். அவர் எழும்பினால் எழும்பு, குனிந்தால் குனி. ஆறு வாரத்தில் பழகிவிடும். இன்னொன்று. உன் கல்யாண ஓலையை (கல்யாண அறிவிப்பை) மூன்று ஞாயிறு அந்தக் கோயிலில் வாசித்திருப்பார்கள். உன் பெயர், உன் அப்பா பெயர், ஊர் எல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் யாரையும் தெரியாது. அதனால் முதலில் நீயே சிரித்துவிடு.

கேள்வி: பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் என்ன வித்தியாசம்?
— மாணவர், தூத்துக்குடி

பாமாலையில் பெரும்பாலானவை மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாட்டுகள். கீர்த்தனை நம் ராகம், நம் தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கட்டியது. புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை என்பது தனிக் கதை.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே ஆராதனை பார்த்துவிடுகிறான். கேட்டால், "பிரசங்கம் நம்ம ஐயரைவிட நல்லா இருக்கும்மா" என்கிறான். என்ன சொல்ல?
— ஒரு தாய், சாத்தான்குளம்

பிரசங்க விஷயத்தில் அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அதில் சண்டை போடாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். சிக்குன்குனியா வந்து இரண்டு ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டாவது ஞாயிறு மத்தியானம் கோயில்குட்டியார் (கோயில் வேலைகளைப் பார்ப்பவர்) வந்து கதவைத் தட்டினார். "தூண் பக்கத்துப் பாய் காலியா கிடந்துச்சு, டீச்சர்" என்றார். சாயங்காலம் பெண்கள் சங்கத்து அக்கா ஒரு தூக்குச்சட்டியில் மிளகு ரசம் கொண்டுவந்தார். மேஜையில் வைத்துவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கட்டிலில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். அப்புறம் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, "சங்கக் காணிக்கை ரெண்டு மாசம் நிக்குது, டீச்சர்" என்றார்.

ரசம் சூடாக இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.